முதல் படி இல்லாத ஏணி

சற்று நீண்ட பதிவு. பல்கலைக்கழக ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

'ஆய்வுத் திட்ட முன்மொழிவு எழுதுவது எப்படி' என்னும் தலைப்பில் நம் பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் பயிலரங்குகள் நடக்கின்றன. உயர்நிலை நிறுவனம் ஒன்றிலிருந்து பேராசிரியர் ஒருவர் வருகிறார். நோக்கங்களை எவ்வாறு வரிசைப்படுத்துவது, செலவுத் திட்டத்தை எவ்வாறு அமைப்பது, மதிப்பீட்டாளர் எதைத் தேடுவார் என்றெல்லாம் விளக்குகிறார். அவர் சொல்வன பெரும்பாலும் பயனுள்ளவையே. ஆனால் இப்பயிலரங்குகளுக்கு அடியில் ஓர் எண்ணம் மறைந்திருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு ஆய்வு நிதி கிடைக்காமல் போவதற்குக் காரணம் அவர்களுக்கு எழுதத் தெரியாமையே என்பதுதான் அது. அந்த எண்ணத்தை நான் ஏற்கவில்லை. அவர்களுக்கு இல்லாமற்போனது முதன்முதலாகக் கிடைக்க வேண்டிய சிறுதொகை என்பதே என் கருத்து.

ஆசிரியர்களின் நிதியைப் பற்றி ஆய்வு மாணவன் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தகுதி இல்லாத முனைவர் பட்ட மாணவருக்கும் மாதம் 8,000 ரூபாய் கிடைக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் அத்தகைய பொதுவான ஏற்பாடு இல்லை. அங்கே ஜே.ஆர்.எஃப். பெறாத மாணவருக்குப் பெரும்பாலும் எஞ்சியிருப்பது நெறியாளரின் ஆய்வுத் திட்டத்தில் கிடைக்கும் பணியிடம் மட்டுமே. திட்டம் இருந்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. இல்லையென்றால் வீட்டாரின் பணமோ பகுதிநேர வேலையோதான். வேதிப்பொருள் வாங்குவதும், மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்புவதும், களப்பணிக்குச் செல்வதும் அதே நிதியைச் சார்ந்தவை. ஆசிரியருக்கு நிதி மறுக்கப்படும்போது அவருடைய மாணவர்களின் ஆய்வுத் தலைப்பும் சேர்ந்தே சுருங்குகிறது.

சில எண்களைப் பார்ப்போம். இந்தியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.64 விழுக்காட்டையே ஆய்வு, மேம்பாட்டுப் பணிகளுக்குச் செலவிடுகிறது. அந்தச் சிறு தொகையின் பங்கீட்டிலும் சமநிலை இல்லை. நாட்டின் உயர்கல்வி மாணவர்களில் 81 விழுக்காட்டினர், அதாவது 3.25 கோடிப் பேர், மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களின் வழியாகவே கற்கின்றனர் என்று நிதி ஆயோக் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆனால் முன்பிருந்த அறிவியல், பொறியியல் ஆய்வு வாரியமான எஸ்.இ.ஆர்.பி. வழங்கிய நிதியில் ஏறத்தாழ 65 விழுக்காடு ஐ.ஐ.டி.களுக்கும், 11 விழுக்காடு மட்டுமே மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் சென்றது. புதிய தேசிய ஆய்வு அறக்கட்டளை ஏன் தேவை என்பதற்கு முன்வைக்கப்பட்ட காரணங்களில் இந்த ஏற்றத்தாழ்வும் ஒன்று.

இந்த இடைவெளியைத் திறமையின் இடைவெளி என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. ஐ.ஐ.டி. ஒன்றில் உதவிப் பேராசிரியராகச் சேர்பவருக்கு நிறுவனமே தொடக்க நிதி வழங்குகிறது. அதைக் கொண்டு அவர் ஆய்வகத்தை அமைக்கிறார். முன்னாய்வு முடிவுகளைத் திரட்டுகிறார். அவற்றை இணைத்து வெளி நிதிக்கு விண்ணப்பிக்கிறார். மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்பவருக்குப் பெரும்பாலும் ஒரு நாற்காலியும், ஒரு மேசையும், வாரம் முழுவதும் நிரம்பிய பாடவேளை அட்டவணையும் கிடைக்கின்றன. இருவரும் ஒரே அறிவிப்புக்கு, ஒரே படிவத்தில், ஒரே நாளில் விண்ணப்பிக்கின்றனர். 'இக்கருதுகோளை நிறுவக்கூடிய தொடக்கத் தரவு உள்ளதா?' என்று மதிப்பீட்டாளர் கேட்கிறார். நேர்மையான, கேட்க வேண்டிய கேள்விதான். ஒருவரிடம் பதில் இருக்கிறது, மற்றவரிடம் இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

ஒரு காலத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் சிறு ஆய்வுத் திட்டம், பேராய்வுத் திட்டம் ஆகியவற்றை மூத்த ஆசிரியர்கள் நன்கறிவர். 12ஆம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் சிறு ஆய்வுத் திட்டத்திற்கு அறிவியல் துறைகளில் 5 லட்சம் ரூபாய் வரையும், மானுடவியல், சமூக அறிவியல் துறைகளில் 3 லட்சம் ரூபாய் வரையும் வழங்கப்பட்டன. சிற்றூர்க் கல்லூரி ஆசிரியரும் விண்ணப்பிக்கலாம். மண்டல அலுவலகங்களே பரிசீலனையைக் கவனித்தன. ஒரு நுண்ணோக்கி, கொஞ்சம் வேதிப்பொருள்கள், சில நூல்கள், களப்பயணச் செலவு ஆகியவற்றுக்கு அத்தொகை போதும். பின்னாளில் பெரிய திட்டங்களைப் பெற்ற ஆசிரியர்கள் பலர் அந்தப் படியில் கால் வைத்தே மேலேறினர். அந்தத் திட்டக் காலம் முடிந்தபின் அவ்வழி அடைபட்டது.

2022இல் மானியக் குழு புதிய நல்கைகளை அறிவித்தது. பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு 2 ஆண்டுகளுக்கு 10 லட்சம் ரூபாய். நாடு முழுவதற்கும் 200 இடங்கள். புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு டி.எஸ். கோத்தாரி பெயரில் அதே அளவு தொகை; 132 இடங்கள். முதல் நல்கைக்கான தகுதி விதியில், ஏற்கெனவே வெளி நிதியுதவி பெற்ற இரண்டு திட்டங்களையேனும் முடித்திருக்க வேண்டும் என்றிருந்தது. நீச்சல் தெரிந்தவரைத்தான் ஆற்றில் இறங்க விடுவோம் என்பதைப் போன்றது இது. இரண்டு திட்டங்களை முடித்தவருக்கு மூன்றாவதைப் பெற வேறு வழிகளும் உண்டு. ஒன்றும் கிடைக்காதவர் எங்கே தொடங்குவது?

2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உருவான அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை, அதாவது ஏ.என்.ஆர்.எஃப்., இச்சிக்கலை அறியாமல் இல்லை. பேர் என்னும் திட்டத்தில் முன்னணி நிறுவனம் ஒன்று மையமாக இருந்து, பல்கலைக்கழகங்களைக் கிளைகளாக இணைத்துக்கொள்கிறது. ஒரு கூட்டமைப்புக்கு 100 கோடி ரூபாய் வரை ஒதுக்கீடு. நல்ல முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் கிளையாகச் சேர்வதற்கும் தேசியத் தரவரிசையில் முதல் 200 இடங்களுக்குள் இருக்க வேண்டும். அந்தத் தரவரிசையோ, நிறுவனம் ஈட்டிய ஆய்வு நிதியையும் ஓர் அளவுகோலாகக் கொண்டு கணிக்கப்படுவது. நிதி இல்லாததால் தரவரிசை இல்லை. தரவரிசை இல்லாததால் நிதி இல்லை. இந்த வட்டத்துக்கு வெளியே நிற்கும் பல்கலைக்கழகங்களிலும் நூற்றுக்கணக்கான கல்லூரிகளிலும் பணியாற்றுவோருக்கு அந்த 100 கோடி செய்தித்தாளில் படிக்கும் எண் மட்டுமே.

நிதி கிடைத்தபின் நடப்பதையும் பேச வேண்டும். பொது நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்கள் அறிவியல் கருவிகள் வாங்குவதற்கு இருந்த 5 விழுக்காடு சலுகை ஜி.எஸ்.டி. 2022 ஜூலை 18 முதல் நீக்கப்பட்டது. பெரும்பாலான கருவிகளுக்கு இப்போது 18 விழுக்காடு. கருவிக்கென்று 10 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டால் அதில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரியாகவே அரசுக்குத் திரும்புகிறது. 2025 ஜூனில் மத்திய நிதியமைச்சகம் கொள்முதல் விதிகளைத் தளர்த்தியது. விலைப்புள்ளி பெறாமலே வாங்கக்கூடிய வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாயிற்று. வரவேற்கத்தக்க மாற்றம். ஆயினும் அது மத்திய அமைச்சகங்களின் கீழுள்ள நிறுவனங்களுக்கானது. மாநிலப் பல்கலைக்கழக ஆசிரியர் தம் மாநில விதிகளுக்கும் தம் நிதி அலுவலருக்கும் இடையே கோப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, ஒப்பீட்டுப் பட்டியல், பயன்பாட்டுச் சான்றிதழ், மார்ச் 31க்குள் முடிக்க வேண்டிய கணக்கு எல்லாம் அவர் தலையில். தவணை தாமதமானால் திட்டத்தில் பணிபுரியும் மாணவருக்கு மாதக்கணக்கில் உதவித்தொகை வராது. ஆய்வு செய்யத் திறனுள்ளவர் எழுத்தர் வேலையைக் கண்டு அஞ்சியே அடுத்த முறை விண்ணப்பிக்காமல் விடுகிறார்.

இனி, எதிர்த்தரப்பு வாதம். 'சிறு நல்கைகள் வீணாயின. வினாப்பட்டியலை நிரப்பி, விழுக்காடு போட்டு, அறிக்கையைக் கட்டிப் பரணில் வைத்தார்கள். பணம் குறைவாக இருக்கும் நாட்டில் சிறந்தவர்களிடமே அதைக் குவிக்க வேண்டும்' என்பர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. பயனற்ற அறிக்கைகள் எழுதப்பட்டன. தரமற்ற இதழ்களில் கட்டுரைகள் வெளிவந்தன. ஆனால் அந்தக் குறை சிறு தொகைக்கு மட்டும் உரியதன்று. பெருந்தொகைத் திட்டங்களிலும் உறை பிரிக்காத கருவிகள் உண்டு. கண்காணிப்பு தளர்ந்திருந்தால் அதை இறுக்கலாம். அதற்காக வாசலையே மூடிவிடக் கூடாது. மேலும், யார் சிறந்தவர் என்பது தொடங்கும் வாய்ப்பு கிடைத்தபின்தான் தெரியவரும். வாய்ப்பே பெறாதவரைத் தேறாதவர் என்று எழுதிவிடுவது கணக்குப் பிழை.

பணம் இல்லை என்பதும் நிலைக்காது. ஆண்டுக்கு 10,000 ஆசிரியர்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுத்தால் ஆகும் செலவு 300 கோடி. ஏ.என்.ஆர்.எஃப்.புக்கு 5 ஆண்டுகளில் திரட்டத் திட்டமிட்ட தொகை 50,000 கோடி. அதில் அரசின் பங்கு 14,000 கோடி, அதாவது ஆண்டுக்கு 2,800 கோடி. தனியார் தரவேண்டிய மீதித்தொகை வராமலே போனாலும், நான் சொல்லும் செலவு அரசின் பங்கில் ஒன்பதில் ஒரு பகுதிதான். தனியார் துறையின் ஆய்வுக்கு நீண்டகாலக் கடனாகவும் முதலீடாகவும் வழங்க 2025 ஜூலையில் 1 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்த நாடு, தன் ஆசிரியர்களுக்கு 300 கோடி தர இயலாது என்று சொல்ல முடியாது.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, பணியில் சேர்ந்த 2 ஆண்டுகளுக்குள் ஒவ்வோர் ஆசிரியரும் ஐந்து பக்க விண்ணப்பத்தின் பேரில் பெறக்கூடிய சிறு தொடக்க நல்கை. முந்தைய திட்ட அனுபவம் கேட்கக் கூடாது. நிறுவனத்தின் தரவரிசை பார்க்கக் கூடாது. முடிவில் தரவும் கணக்கும் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் கொள்முதலையும் கணக்கையும் மட்டுமே கவனிக்கும் பயிற்சி பெற்ற அலுவலர் ஒருவர். நிறுவனத்துக்கென்று வரும் மேற்செலவுத் தொகையை இதற்குப் பயன்படுத்தலாம். மூன்றாவது, நிராகரிக்கப்பட்ட ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மதிப்பீட்டாளர்களின் கருத்துகள் முழுமையாகத் திருப்பித் தரப்பட வேண்டும். 'பரிந்துரைக்கப்படவில்லை' என்ற ஒற்றை வரியிலிருந்து எவரும் எதையும் கற்க முடியாது.

இவை நடக்கும்வரை ஆசிரியர்கள் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. டேர் என்னும் ஆசிரியர் இணைவுத் திட்டம் மாநிலப் பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்கள் ஐ.ஐ.டி. போன்ற நிறுவனத்தில் பகுதிநேரமாக ஆய்வு செய்ய, 3 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 5 லட்சம் ரூபாய் தரும் திட்டமாக எஸ்.இ.ஆர்.பி. காலத்திலேயே தொடங்கப்பட்டது. ஷ்யூர் என்பது மாநிலப் பல்கலைக்கழகங்களை மனத்திற்கொண்டே உருவானது. இத்தகைய அறிவிப்புகளைத் துறைத்தலைவரின் மின்னஞ்சலுக்குக் காத்திராமல் ஏ.என்.ஆர்.எஃப். இணையதளத்திலேயே தேட வேண்டும். இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் திட்டம் தனக்குத் தேவையான ஆய்வுத் தலைப்புகளைத் தொகுத்தே வெளியிடுகிறது. கருவி இல்லாதோர் சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட இடங்களில் இயங்கும் சைஃப் மையங்களில் கட்டணம் செலுத்தி மாதிரிகளைச் சோதிக்கலாம்; ஐ-ஸ்டெம் இணையதளத்தில் எந்தக் கருவி எங்கே உள்ளதென்று தேடலாம். முன்பு நிதி பெற்ற திட்டங்களின் தலைப்புகளை வாசித்தால் ஒவ்வொரு நிறுவனத்தின் நாட்டமும் புலப்படும். முன்மொழிவை அறிவிப்பு வந்தபின் எழுதத் தொடங்காமல், ஓராண்டு முன்னதாகவே எழுதி வேற்றுத்துறை நண்பர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவருக்கு விளங்காத இடம் மதிப்பீட்டாளருக்கும் விளங்காது.

ஆனால் இவையெல்லாம் தனிமனித முயற்சிகள். 2018ஆம் ஆண்டு மானியக் குழு விதிமுறைகளின்படி, 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ஆய்வுத் திட்டத்தை முடித்தவருக்குப் பதவி உயர்வில் 10 புள்ளிகள் உண்டு. அதற்குக் குறைந்த தொகையாயின் 5 புள்ளிகள். திட்டம் கொண்டுவா என்று ஆசிரியரிடம் கேட்பதற்கு விதி இருக்கிறது. அதைக் கொண்டுவருவதற்கான முதல் உதவியை அவருக்கு யார் தர வேண்டும் என்பதற்கு விதி இல்லை. அந்த விதியை எழுதுங்கள் என்றுதான் கேட்கிறோம். அடுத்த பயிலரங்கில் வளவாளரிடம் இந்தக் கேள்வியை யாரேனும் எழுந்து கேட்டால் மகிழ்வேன்.

மாற்றுக் கருத்துடையோர் பின்னூட்டத்தில் எழுதுங்கள். குறிப்பாக, பழைய சிறு ஆய்வுத் திட்டத்தில் தொடங்கிய ஆசிரியர்கள் தம் அனுபவத்தைப் பகிர்ந்தால் எங்களைப் போன்றோருக்குப் பயனாக இருக்கும்.