கனகாம்பரமா, கொன்றையா?

எங்க ஃபைனல் இயர் வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் ஒரு ஓட்டெடுப்பு நடந்தது. பேட்ச் நினைவா கேம்பஸ்ல எதை நடலாம்? ஒரு பக்கம் ‘ஃபயர்கிராக்கர் பிளாண்ட்’. நிழலில் வளரும், வருஷக்கணக்கா இருக்கும், தொட்டியில் வைத்து மெயின் பிளாக் வராண்டா முழுக்க வரிசையா அடுக்கலாம். இன்னொரு பக்கம் ‘கோல்டன் ஷவர் ட்ரீ’. பார்க்கிங் பக்கம் அஞ்சு மரம், மஞ்சள் பூ. ரெண்டுக்கும் நர்சரி இணையதளத்திலிருந்து எடுத்த படம்.

ஓட்டுப் போட்ட பிறகுதான் படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். ஃபயர்கிராக்கர் நம்ம கனகாம்பரம். கோல்டன் ஷவர் நம்ம சரக்கொன்றை. அருப்புக்கோட்டை பூக்கடையில் மல்லியோட சேர்த்துக் கட்டி முழம் போட்டு விக்கிற பூவை நாங்க ஏதோ வெளிநாட்டுச் செடின்னு நினைச்சு விவாதம் பண்ணிட்டு இருந்திருக்கோம். இங்கிலீஷ் மீடியத்தில் படிச்சதோட பலன் இது. எனக்கும்தான், அதனால் யாரையும் குத்தம் சொல்லலை.

ஓட்டெடுப்பில் தொட்டி ஜெயிக்கிற மாதிரி இருக்கு. அது தப்புன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன்.

முதலில் கனகாம்பரத்துக்கு நியாயம் சொல்லிடுறேன். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதுக்குச் சொந்த ஊர். அரை நிழலில் நல்லா இருக்கும், பச்சை இலை பளபளன்னு நிக்கும், வாசனை கிடையாது, ஆனா பறிச்ச பூ சீக்கிரம் வாடாது. முத்தின காயில் ஈரம் பட்டா ‘பட்’டுன்னு வெடிச்சு விதை தெறிக்கும். இங்கிலீஷ் பேரே அதனால் வந்ததுதான். சந்தையில் அதிகம் பார்க்கிற டெல்லி கனகாம்பரம் மட்டும் விதை வைக்காது, குச்சி வெட்டித்தான் வளர்க்கணும். திருச்சுழி பக்கம் எங்க அப்பத்தா வீட்டில் குளிக்கிற இடத்துக்குப் பின்னாடி, வேப்பமர நிழலில், ஒரு வரிசை நிக்குது. அதுக்குன்னு யாரும் தண்ணி ஊத்தினதை நான் பார்த்ததில்லை. குளிச்ச தண்ணி போய்ச் சேரும், அவ்வளவுதான்.

அங்க அது பிழைக்க மூணு காரணம். செடி தரையில் இருக்கு. மேலே மரம் இருக்கு. தினமும் எப்படியும் வீணாகப் போற தண்ணி வந்து சேருது. நம்ம வராண்டா தொட்டியில் இந்த மூணுமே கிடையாது. கான்கிரீட் சூடு கீழே இருந்து ஏறும், மேற்கு வெயில் மூணு மணிக்கு நேரா உள்ளே வரும், தண்ணியை ஒருத்தர் சுமந்துட்டு வந்து ஊத்தணும்.

தோட்டம் பத்தின வீடியோக்களில் ‘நிழலுக்கு என்ன செடி’ன்னு நிறைய வரும். பாதிக்கு மேல குளிர் நாட்டு ஆட்கள் பேசுறது. அங்க மரம் அடர்ந்து, வெயில் விழாத மூலைகள் மிச்சம் கிடக்கு. அதை நிரப்ப ஹோஸ்டா மாதிரி நிழல் செடி தேடுறாங்க. நமக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. விருதுநகர் மாவட்டத்தில் யாராவது ‘நிழல் அதிகமா இருக்கு, என்ன பண்றது’ன்னு கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. இங்க நிழலை முதலில் உண்டாக்கணும். அப்புறம்தான் நிழலில் வளரும் செடி.

ஒரு சின்னக் கணக்கு, என் தோராயம்தான். நாற்பது தொட்டி, ஒரு தொட்டிக்கு நாளைக்கு 2 லிட்டர், மழை நாளைக் கழிச்சு வருஷத்துக்கு 300 நாள். மொத்தம் 24,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ரெண்டு லோடு. அடுத்த வருஷமும் அதே, அதுக்கடுத்த வருஷமும் அதே. கொன்றைக் கன்று அஞ்சு, ஒண்ணுக்கு 20 லிட்டர், வாரத்துக்கு ரெண்டு தடவை, மழை முடிஞ்சு அடுத்த மழை வரைக்கும் 36 வாரம். வருஷத்துக்கு 7,200 லிட்டர். ரெண்டு வருஷத்துக்கு 14,400. அப்புறம் வேர் இறங்கிடும், மரம் தன்னைத் தானே பார்த்துக்கும். ஹாஸ்டலில் இருக்கிறவங்களுக்கு ஏப்ரல் மாசம் டேங்கர் எத்தனை மணிக்கு வரும், எத்தனை பக்கெட் கிடைக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வரிசையில் நாற்பது தொட்டியும் வந்து நிக்கப் போகுது.

ஆர்.ஓ. பிளாண்ட்ல வெளியே போற தண்ணியை ஊத்தலாமேன்னு குரூப்பில் ஒரு நண்பன் கேட்டான். யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம போர் தண்ணியே உப்பு, அதோட உப்பையெல்லாம் ஒண்ணா சேர்த்து வெளியே தள்ளுறதுதான் ஆர்.ஓ. கழிவு. தொட்டி மண்ணில் அந்த உப்பு போக வழி இல்லாம தங்கிடும். இலை ஓரம் கருகுறது முதல் அடையாளம்.

கொன்றையிலும் குறை இருக்கு, அதை மறைக்க முடியாது. சித்திரை வெயிலில் பூக்கும்போது இலை பாதிக்கு மேல உதிர்ந்திருக்கும். சரம் சரமா மஞ்சள் தொங்கும், பார்க்க அவ்வளவு அழகு, ஆனா கீழே வண்டி நிறுத்தினா சீட்டு சுடும். கேரளா அதை மாநிலப் பூவா வெச்சிருக்கு, தாய்லாந்து தேசியப் பூவா வெச்சிருக்கு. அவங்களும் நிழலுக்காக அதை எடுக்கலை. நடுறது கன்றா இருந்தாலும் பூக்கச் சில வருஷம் ஆகும், நாங்க யாரும் இங்க இருக்க மாட்டோம். குல்மோஹர்னா சீக்கிரம் வளரும்னு சிலர் சொல்றாங்க. மடகாஸ்கர்ல இருந்து வந்த மரம் அது, காத்துக்குக் கிளை முறியும், வேர் மேலாகவே ஓடும். பைக் நிக்கிற இடத்துக்கு வேண்டாம். அதனால் என் ஓட்டு அஞ்சில் மூணு கொன்றை, ரெண்டு புங்கன். புங்கனுக்குக் கொன்றை அளவு கவர்ச்சி இல்லை, ஆனா கோடை முத்துறதுக்குள்ள புது இலை விட்டு நிழல் தரும். அடியில் பூ கோலம் போட்ட மாதிரி கொட்டிக் கிடக்கும்.

இடம் பார்த்து நடணும். இது கரிசல். மழையில் உப்பும், வெயிலில் பாளம் பாளமா வெடிக்கும். சிவில் பசங்க மூணாவது செமஸ்டர்லயே படிச்சிருப்பாங்க. அந்த வெடிப்பில் இளம் வேர் அறுந்து போகும். மூணடிக் குழி எடுத்து, செம்மண்ணும் தொழு உரமும் போட்டு, மேலே காய்ஞ்ச இலையோ தேங்காய் மட்டையோ மூடாக்கு போட்டா ஈரம் நிக்கும். கட்டடத்தை ஒட்டி வேண்டவே வேண்டாம். ஆட்டுக்கு வேலி கட்ட முள்ளுக்குப் பஞ்சம் இல்லை, சுத்தியும் சீமைக்கருவேலம்தான்.

கனகாம்பரத்தை ஒதுக்கச் சொல்லலை. கேன்டீன் கை கழுவுற இடத்துக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பெரிய வேம்பு நிக்குது. அங்க தரையில் பத்து செடி வைங்க. தூரை ஒட்டி வைக்காதீங்க, வேம்போட வேர் எல்லாத் தண்ணியையும் குடிச்சிடும். நிழல் முடியுற ஓரமா, கொஞ்சம் மேடு கட்டி வைக்கணும். கை கழுவுற தண்ணி போதும். டேங்கரும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம்.

கடைசியா, இதுதான் முக்கியமான விஷயம்: எப்ப நடுறது. வழக்கமா பேட்ச் மரம் ஃபேர்வெல் அன்னிக்கு, மார்ச்ல, போட்டோவோட நடுறாங்க. அதுக்கடுத்து பரீட்சை, அப்புறம் மே மாசம் காலி கேம்பஸ், அக்னி நட்சத்திரம். முந்தின பேட்ச் வெச்ச இடத்தைப் போய்ப் பாருங்க. பேட்ச் பேர் எழுதின பலகை நல்லா இருக்கு, பக்கத்தில் ரெண்டு குச்சி. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தில் நடுறதும் நமக்குச் சரி வராது. அந்த மழை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம்தான் கொட்டும். நம்ம மழை ஐப்பசி மழை. குண்டாத்தில் தண்ணி வர்றதா இருந்தா அப்பதான் வரும். அக்டோபர்ல வெச்சா ரெண்டு மாச மழை இலவசம், ஏப்ரல் வரைக்கும் ஊத்த நாங்களும் இங்கயே இருப்போம். போட்டோ அப்பவும் எடுத்துக்கலாம்.

இப்ப ஆகஸ்ட். குழி புரட்டாசியில் எடுக்கணும், அதனால் ஓட்டெடுப்பை இன்னொரு தடவை வைங்கன்னு கேட்டிருக்கேன். எது ஜெயிச்சாலும் மே மாசம் ஊரில் இருக்கிற ஜூனியர்கள் அஞ்சு பேர் வேணும், வாரம் ரெண்டு நாள், ஆளுக்கு ஒரு கன்று. அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருச்சுழிப் பக்கத்துப் பசங்க, பொண்ணுங்க யாரா இருந்தாலும் பேர் கொடுங்க.