கம்பி சுழன்றது, கோழி சுழலவில்லை

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் நண்பரான வக்கீல் ஒருவர் வீட்டில் எனக்கு விருந்து. புதிதாக வாங்கிய மின்சார அடுப்பில் முழுக் கோழியைக் கம்பியில் கோத்துச் சுடுவதென்று ஏற்பாடு. நாங்கள் இருவரும் கூடத்தில் அமர்ந்து ஊர் வழக்குகளையெல்லாம் தீர்த்து வைத்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் கழித்து வெளிவந்த கோழி, ஒரு பக்கம் கரிந்தும் மறு பக்கம் எலும்போரத்தில் இரத்தம் கசிந்தும் காட்சியளித்தது. "யந்திரம் மோசம்!" என்று தீர்ப்புக் கூறினார் நண்பர். அவருடைய மனைவியார் அதைத் துண்டு போட்டுக் குழம்பிலே கொதிக்க வைத்து விருந்தின் மானத்தைக் காப்பாற்றினார்.

யந்திரத்தின் சார்பில் நான் வாதாட விரும்புகிறேன். கோழியை இரு புறமும் குத்திப் பிடிக்க வேண்டிய முட்களின் திருகாணிகள் இறுக்கப்படவே இல்லை. ஆகவே கம்பி சுழன்றுகொண்டிருந்தது. கோழி இருந்த இடத்திலேயே இருந்தது.

இதில் முக்கியமானது நிறை. கம்பி கோழியின் நட்ட நடுவே செல்ல வேண்டும். இறக்கைகளையும் கால்களையும் பருத்தி நூலால் உடம்போடு சேர்த்துக் கட்ட வேண்டும். நைலான் நூல் உருகிவிடும். பிறகு கம்பியின் இரு முனைகளையும் உள்ளங்கைகளில் தளர்வாக ஏந்திப் பாருங்கள். எப்படித் திருப்பினாலும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால், உருவி மறுபடி கோக்க வேண்டியதுதான். இல்லாவிட்டால் கனத்த பக்கத்தைத் தூக்க மாட்டாமல் மோட்டார் திணறும். சரியாகச் சுழலும் கோழியில், உருகும் கொழுப்பு உடனே சொட்டிவிடாமல் மேலேயே புரண்டு தோலை நனைத்துக்கொண்டிருக்கும். கம்பியில் சுடுவதன் ருசியெல்லாம் அதில்தான். நிறத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். தொடையின் தடித்த பாகத்தில், எலும்பில் படாமல் உஷ்ணமானியைச் செருகினால் 74 டிகிரி செல்ஸியஸ் காட்ட வேண்டும். வெந்தபின் பத்து நிமிஷம் பொறுத்து அறுப்பது நலம்.

சுழற்றும் வேலைக்குப் பழைய சரித்திரம் உண்டு. இங்கிலாந்தின் மாளிகைகளில் ஏழைச் சிறுவர்கள் அனலருகே அமர்ந்து கையால் சுற்றினார்கள். பிறகு அந்த வேலை நாய்க்குப் போயிற்று. நீண்ட உடலும் குட்டைக் கால்களும் உள்ள ஒரு ஜாதி நாயைச் சுவரில் பொருத்திய சக்கரத்துக்குள் விட்டு ஓடச் செய்வார்கள். 1576-ல் அச்சான ஓர் ஆங்கில நூலிலேயே அந்த நாயைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அதற்கு முந்திய நூற்றாண்டிலேயே இத்தாலியில் லியோனார்டோ டா வின்சி, புகைபோக்கியில் எழும் வெப்பக் காற்று விசிறியைச் சுழற்ற, அது கம்பியைத் திருப்பும் யுக்தியைப் படமாக வரைந்திருந்தார். இத்தகைய சாதனங்களும் கடிகார விசையும் வீடுகளில் பரவியபின் நாய்க்கு உத்தியோகம் போயிற்று. அந்த ஜாதியே அற்றுப் போயிற்று. பதப்படுத்திய நாய் ஒன்றை வேல்ஸில் அபர்கவென்னி ஊர்ப் பொருட்காட்சிசாலையில் இன்றும் காணலாம்.

நம் பொருநராற்றுப்படையிலும் கரிகாலன் பொருநனுக்குக் கம்பியில் சுட்ட இறைச்சியை அளிக்கிறான். அனலருகே நின்று சுட்டவன் யாரென்று புலவர் சொல்லவில்லை.

நேற்று நண்பர் மறுபடியும் அழைத்தார். "இந்தத் தடவை வழக்குப் பேச்சு வேண்டாம். உங்களுக்கும் எனக்கும் சமையற்கட்டிலேயே, அடுப்பின் கண்ணாடிக் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டாயிற்று" என்றார். போட்டவர் அவருடைய மனைவியார் என்று பிற்பாடு தெரிந்தது.