மலைமேல் ஒரு பழைய பெட்டி

வாரத்தில் ஆறு நாள் ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்து பேசுகிறவள் நான். எங்கள் வானொலியில் பத்து விநாடி சத்தம் வராவிட்டால் போதும், பொறியாளர் முதல் விளம்பரப் பிரிவு வரை எல்லாரும் ஓடி வருவார்கள். அதற்கு முன்பே நேயர்களின் வாட்ஸ்அப் வந்து குவிந்துவிடும். இதே கிள்ளான் பள்ளத்தாக்கின் வானில் இரவு பகலாக விழித்திருக்கும் வேறு சில நிலையங்களும் உண்டு. அவை நின்றுபோனால் பல நாள் யாருக்குமே தெரியாது. அவற்றுக்கு விளம்பரமும் கிடையாது, சம்பளத்துக்குப் பொறியாளரும் கிடையாது. உள்ளே இருக்கும் இயந்திரமே பெரும்பாலும் யாரோ வேண்டாம் என்று கழித்துவிட்டதுதான்.

ஹாம் வானொலிக்காரர்கள் அதை ரிப்பீட்டர் என்கிறார்கள். தொடர்பு, பல்லூடக ஆணையம் நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, இலாப நோக்கமில்லாமல் வானலையில் பேசிக்கொள்பவர்கள் இவர்கள். கையில் இருப்பது 5 வாட் வாக்கி-டாக்கி. அடுக்குமாடிகளுக்கு நடுவே அதில் சில கிலோமீட்டர் பேசினாலே பெரிது. அதனால் மலைமேல் ஒரு பெட்டியை வைக்கிறார்கள். அது ஓர் அலைவரிசையில் நம் குரலைக் கேட்டு, அதே நொடியில் இன்னோர் அலைவரிசையில் பலமாகத் திருப்பிச் சொல்கிறது. ஷா ஆலாமில் பேசுவது மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிறது.

“கைப்பேசிதான் இருக்கிறதே?” என்று கேட்பீர்கள். 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டு மாடியிலேயே மாட்டிக்கொண்டவர்களைக் கேளுங்கள். மின்சாரம் போன பிறகு கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 2014 டிசம்பர் வெள்ளத்தில் நாட்டில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். கிளந்தானில் பல இடங்களில் தொலைபேசித் தொடர்பே அறுந்துபோனது. இப்போது சிம் அட்டை போட்ட வாக்கி-டாக்கிகள் விற்பனைக்கு வருகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் கைப்பேசிக் கோபுரம் விழுந்தால் அவையும் கூடவே விழும். விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை.

நான் மாமா என்று அழைக்கும் குடும்ப நண்பர் ஒருவர் இப்படி ஒரு ரிப்பீட்டரைப் பார்த்துக்கொள்கிறார். எந்த மலை என்று எழுதாதே என்று சொல்லிவிட்டார். செம்புக் கேபிளுக்கு இந்த நாட்டில் இரசிகர்கள் அதிகம்.

அவருடைய பெட்டிக்குள் இருப்பவை இரண்டு மோட்டோரோலா ஜிஎம்300. தொண்ணூறுகளில் டெக்சியிலும் லோரியிலும் தோட்ட அலுவலகத்திலும் இருந்த கார் ரேடியோ வகை. டெக்சிகள் செயலிக்கு மாறின, நிறுவனங்கள் டிஜிட்டலுக்கு மாறின. பழைய செட்டுகள் மூட்டை மூட்டையாகப் பழைய சாமான் கடைக்கும், ஜாலான் பாசார் பக்கத்துப் பழுது பார்ப்பவர்களிடமும் போய்ச் சேர்ந்தன. ஒன்றைக் கேட்கவும் இன்னொன்றைப் பேசவும் வைத்து, நடுவே ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையை இணைத்தால் ரிப்பீட்டர் தயார். மோட்டோரோலாவே அந்தக் காலத்தில் இரண்டு ஜிஎம்300-ஐ ஒரே பெட்டியில் அடைத்து ஜிஆர்300 என்று விற்றது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடக் கூடாது. இந்த ரேடியோ 136 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு வகை, 146 முதல் 174 வரை இன்னொரு வகை. ஹாம்களுக்கு உரியது 144 முதல் 148. இரண்டாவது வகையை வாங்கியவர் பாதி வழியில் நிற்பார். அலைவரிசையை மாற்ற, டாஸ் காலத்து மென்பொருள் வேண்டும். வேகமான புதுக் கணினியில் அது குழம்பிப்போகும். அதற்காகவே மாமா வீட்டில் ஒரு கிழட்டு மடிக்கணினி இன்னும் உயிரோடு இருக்கிறது. மாமி அதை மூன்று முறை குப்பைக்கு அனுப்பப் பார்த்தார்.

இன்னொன்று சூடு. டெக்சிக்காரர் ஐந்து விநாடி பேசி வைத்துவிடுவார், ரேடியோவும் அதற்காகச் செய்யப்பட்டதுதான். ஹாம்கள் அரை மணி நேரம் பேசுவார்கள் (எங்கள் தொழிலிலும் இப்படிச் சிலர் உண்டு). ஆகவே 45 வாட் ரேடியோவை 20, 25 வாட்டுக்குக் குறைத்து, முதுகில் மின்விசிறி கட்ட வேண்டும்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான் வருகிறது. ஒரே ஆண்டெனாவில் கேட்கவும் வேண்டும், பேசவும் வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில். இந்த அலைவரிசைப் பகுதியில் இரண்டுக்கும் இடைவெளி வெறும் 600 கிலோஹெர்ட்ஸ். வெளியே போகும் சக்திக்கும், உள்ளே கேட்க வேண்டிய மிக மெல்லிய குரலுக்கும் உள்ள விகிதம், 2 எழுதி அதன் பின்னால் 16 சுழியம் போட்டால் வரும் எண். தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில் உறுமி மேளக் குழுவின் நடுவில் நின்றுகொண்டு, 272 படிக்கு மேலே ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது மாதிரி.

அதைச் சாத்தியமாக்குவது டூப்ளெக்சர். நெட்டையான உலோக உருளைகள், நான்கு அல்லது ஆறு. ஒவ்வொன்றின் உள்ளேயும் சுமார் அரை மீட்டர் நீளத் தண்டு ஒன்று, அதை ஏற்றி இறக்க ஒரு திருகு. சரியாகத் திருகினால் போகும் அலை ஒரு வழியிலும் வரும் அலை இன்னொரு வழியிலும் பிரிந்துவிடும். மயிரிழை பிசகினால் ரிப்பீட்டர் தன் குரலிலேயே செவிடாகிவிடும். பழைய சாமான்களில் கிடைக்கும் கையடக்க டூப்ளெக்சரை நம்பி ஏமாந்தவர்கள் பலர். அது நிறுவனங்கள் பயன்படுத்திய நாலைந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்குச் செய்யப்பட்டது, 600 கிலோஹெர்ட்ஸுக்கு ஈடு கொடுக்காது. இணைக்கும் கேபிளும் இரட்டைப் பின்னல் உறை கொண்டதாக இருக்க வேண்டும். சாதாரணக் கேபிளில் கசியும் துளி அலையே காரியத்தைக் கெடுத்துவிடும்.

“ரேடியோ கெட்டுப்போறது அபூர்வம்மா. கெட்டுப்போறதெல்லாம் அதைச் சுத்தி இருக்கிறதுதான்” என்பார் மாமா. ஆண்டெனா இணைப்பில் தண்ணீர் இறங்கும். எறும்பு கூடு கட்டும். பல்லி மின்பலகையில் படுத்து, தானும் போய் ஃபியூசையும் கொண்டுபோகும். உலகிலேயே அதிகமாக மின்னல் வெட்டும் பகுதிகளில் ஒன்றில் உயரமான இடத்தில் கம்பி நட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். பேட்டரிதான் எல்லாவற்றிலும் மோசம். மின்சாரம் இருக்கும்வரை அது செத்துப்போனதே தெரியாது. தெரியவரும் நாள், வெள்ளம் வந்த நாளாக இருக்கும். அதனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன், மின்சாரத்தை வேண்டுமென்றே துண்டித்து, ரிப்பீட்டர் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்ப்பார். காசு? உறுப்பினர்கள் போடுவது கொஞ்சம், அவர் கைக்காசு கொஞ்சம். மாமியிடம் இரண்டாவது தொகையைக் கேட்காதீர்கள்.

எனக்குக் கவலை தருவது பெட்டி இல்லை. மாமாவுக்கு அறுபத்தேழு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. டூப்ளெக்சரின் எந்தத் திருகு எவ்வளவு என்பதை ஒரு பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர் அவர் குழுவில் இன்னும் ஒருவர்தான், அவருக்கும் வயது குறைவில்லை. இளைஞர்கள் தேர்வு எழுதி அழைப்புக்குறி வாங்குகிறார்கள், வாக்கி-டாக்கியோடு படமும் போடுகிறார்கள். ஏணி பிடிக்கவும் பற்றவைக்கவும் கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை வேலை வந்துவிடுகிறது. மாமா இதைக் குறையாகச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

பொறியியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பக்கத்தில் ஹாம் குழு இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். பெரிய ஆய்வுக்கூடக் கருவி இல்லாமல் டூப்ளெக்சர் பக்கமே போக முடியாது என்ற நிலை இன்று இல்லை. நானோ விஎன்ஏ என்று கையளவுக் கருவி வந்திருக்கிறது. முழு அளவும் காட்டாது, ஆனால் ஆரம்பிக்கப் போதும்.

அடுத்த மாதம் மாமா ஆண்டெனா கேபிளை மாற்றுகிறார். ஏணி பிடிக்க நான் போகிறேன், நிலையத்தில் விடுப்பும் சொல்லியாயிற்று. திருகைத் தொட மட்டும் எனக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.