தாகம் தீர்க்க அன்பு மட்டும் போதுமா?

தாகமுற்றோருக்குத் தண்ணீர் கொடுப்பது சிறந்த அறம் என்று நீதிபோதனை வகுப்பில் சிறு வயது முதலே கற்று வருகிறோம். ஆனால் கொடுக்கும் நீரில் நஞ்சு இருந்தால்? கொடுப்பவருக்கே அது தெரியாதிருந்தால்? இது கற்பனைக் கேள்வியன்று. வங்காளதேசத்தில் உண்மையாகவே நடந்தது.

அந்நாட்டுச் சிற்றூர்களில் மக்கள் பலர் குளத்து நீரையே குடித்து வந்தனர். அதிலிருந்த கிருமிகளால் காலராவும் வயிற்றுப்போக்கும் பரவிக் குழந்தைகள் மடிந்தனர். அவர்களைக் காப்பாற்ற 1970-களில் ஊர்தோறும் குழாய்க் கிணறுகள் அமைக்கப்பட்டன. அடிபம்பை அடித்தவுடன் கண்ணாடி போன்ற நீர் கொட்டியது. தாய்மார் மகிழ்ந்தனர்.

ஆனால் 1993-ஆம் ஆண்டு அந்நாட்டுக் கிணற்று நீரில் ஆர்செனிக் என்னும் நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. இமயத்திலிருந்து ஆறுகள் அடித்து வந்த வண்டலில் இயற்கையாகவே இருந்த ஆர்செனிக், நிலத்தடி நீரில் கரைந்திருந்தது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. பல ஆண்டுகள் குடித்த பின்னரே தோலில் புள்ளிகள் தோன்றும், உள்ளங்கையும் உள்ளங்காலும் தடிக்கும், புற்றுநோயும் வரக்கூடும்.

பின்னர்க் கிணறுகள் சோதிக்கப்பட்டன. நஞ்சு மிகுந்த கிணற்றுக்குச் சிவப்பு வண்ணமும், மற்றதற்குப் பச்சை வண்ணமும் பூசினர். சிவப்பு வண்ணம் ‘குடிக்காதே’ என்று எச்சரித்தது. எதைக் குடிப்பது என்று அது சொல்லவில்லையே!

அதற்கு விடை தேடியவர்களுள் ஒருவர் பேராசிரியர் அபுல் ஹுசாம். வங்காளதேசத்துக் குஷ்தியாவில் பிறந்து, அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்தவர். நீரிலுள்ள ஆர்செனிக்கை அளக்கும் முறையை ஆராய்ந்த அவர், தம் குடும்பத்தார் குடித்த கிணற்று நீரிலும் அந்நஞ்சு இருக்கக் கண்டார். மருத்துவரான தம் சகோதரருடன் சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்து, ‘சோனோ’ என்னும் வடிகட்டியை உருவாக்கினார்.

அதில் என்ன இருக்கிறது? ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வாளிகள். ஆற்று மணல், செங்கல் துண்டுகள், மரக்கரி. இவற்றோடு பக்குவப்படுத்திய வார்ப்பிரும்புச் சீவல்கள். இரும்பின்மேல் உண்டாகும் துருவே ஆர்செனிக்கைப் பற்றிக்கொள்கிறது. மின்சாரம் வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதற்கும் கீழே ஆர்செனிக்கைக் குறைக்கிறது இந்த வாளி. இரும்பு துருப்பிடித்தலை நாமும் படிக்கிறோம். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம்!

2007-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகம் இவருக்குப் பத்து லட்சம் டாலர் கொண்ட கிரெய்ஞ்சர் பரிசை வழங்கியது. அதில் பெரும்பகுதியை வடிகட்டிகளை ஏழை மக்களுக்கு வழங்கவே அவர் ஒதுக்கினார்.

அன்று கிணறு அமைத்தவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. குளத்து நீரால் குழந்தைகள் இறந்ததும் உண்மைதான். அமைத்தவர்களின் அன்பும் உண்மைதான். ஆயினும் அந்த அன்போடு ஒரு சோதனைக் குழாயும் சென்றிருந்தால் எத்தனை பேர் துன்பத்திலிருந்து தப்பியிருப்பர்! அறிவு துணை வராத அன்பு, தான் காக்க நினைத்தவரையே சில வேளைகளில் வருத்திவிடும் என்பதே எங்கள் கருத்து.

தோழியரே, நம் சேவையையும் சற்று எண்ணிப் பார்ப்போம். விழாக் காலத்தில் பழைய துணிகளும் தின்பண்டங்களும் சேர்த்து ஏழைகளிடம் கொண்டு செல்கிறோம். உங்களுக்கு எது தேவை என்று ஒரு முறையேனும் கேட்டோமா? அவர்கள் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்று அறிவோமா? கொடுத்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியோடு வீடு திரும்பிவிடுகிறோம்.

வேதியியல் ஆய்வுக்கூடமும் சேவை செய்யும் இடந்தான். அங்கு நாம் அளக்கும் ஒவ்வொரு துளியையும் கவனத்தோடு அளப்போம். நாளை நம்முள் ஒருத்தி ஓர் ஊருக்குத் தண்ணீர் கொடுக்கச் செல்லலாம். அன்று அவள் ஒரு கையில் குவளையும், மறு கையில் சோதனைக் குழாயும் ஏந்திச் செல்லட்டும்!

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி