வைரத்திற்கும் வருணமா?

மனிதனுக்கு வருணம் கற்பித்தவர்கள் மனிதனோடு நின்றுவிடவில்லை. மண்ணுக்குக் கற்பித்தார்கள், மரத்துக்குக் கற்பித்தார்கள், கடைசியில் கல்லுக்கும் கற்பித்தார்கள். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் வைரத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. வெள்ளை வைரம் பிராமணனுக்கு, சிவப்பும் மஞ்சளும் க்ஷத்திரியனுக்கு, வாகைப்பூ நிறம் வைசியனுக்கு, வாளின் கருநிறம் சூத்திரனுக்கு என்று அதில் பங்கு பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. பஞ்சமனுக்கு என்ன கல் என்று கேட்பீர்களானால், அவனுக்கு அங்கே ஒரு கல்லும் சொல்லப்படவில்லை.

இது வடநாட்டார் சங்கதிதானே என்று நாம் சும்மா இருந்துவிடவும் முடியாது. நம் சிலப்பதிகாரத்தில், மதுரையின் இரத்தினக் கடைவீதியைச் சொல்லும் ஊர்காண் காதையிலும், காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் குற்றங்கள் இல்லாத, நால்வகை வருணத்து வைரங்கள் என்றே சொல்லப்பட்டிருக்கிறது.

இவற்றில் இரண்டு சரக்குகள் கலந்து கிடக்கின்றன. காகத்தின் கால்போல உள்ளே விரிசல் இருக்கிறது, கரும்புள்ளி இருக்கிறது, கீற்று ஓடியிருக்கிறது என்பவையெல்லாம் கல்லைக் கையிலே எடுத்து, வெயிலிலே திருப்பிப் பார்த்தவன் கண்ட உண்மை. இன்றைய விஞ்ஞானியும் பூதக்கண்ணாடி வைத்து அதையேதான் பார்க்கிறான். ஆனால், இந்தக் கல் இன்ன ஜாதியானுக்கு என்பது எந்த வெயிலில் எப்படித் திருப்பினாலும் தெரியாது. முன்னது வியாபாரியின் அனுபவம். பின்னது புரோகிதன் ஒட்டவைத்த சீட்டு. நாம் கிழிக்கச் சொல்வது சீட்டைத்தானே ஒழிய அனுபவத்தை அல்ல.

வைரம் எப்படி உண்டாயிற்று என்பதற்கும் கதை இல்லாமல் இல்லை. வலன் என்ற அசுரனின் எலும்பு வைரமாயிற்று என்கிறது கருட புராணம். வராகமிகிரரோ, அசுரன் என்பார் சிலர், ததீசி முனிவர் என்பார் சிலர், பூமியின் இயல்பு என்பார் சிலர் என்று மூன்றையும் எழுதி வைத்தார். மூன்றாவதாகச் சொன்னவர்களின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் சொன்னதுதான் சரியாய்ப் போயிற்று!

பூமிக்குக் கீழே 150 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், கடுமையான அழுத்தத்திலும் சூட்டிலும், கார்பன் என்னும் கரிப்பொருள் இறுகி வைரமாகிறது. பெரும்பாலான வைரங்களுக்கு வயது 100 கோடி முதல் 300 கோடி ஆண்டுகளுக்கு மேல். பிறகு எரிமலைக் குழம்பு அவற்றை வாரிக்கொண்டு மேலே வருகிறது. ஆந்திரத்தில் அனந்தப்பூர்ப் பக்கத்து வஜ்ரகரூரில் இருக்கும் அத்தகைய பாறைகள் சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏறி வந்தவை. மழையும் வெயிலும் அப்பாறைகளை அரித்துவிட, உள்ளிருந்த வைரம் ஆற்றோடு போகிறது.

1870ஆம் ஆண்டை ஒட்டித் தென்னாப்பிரிக்காவில் பாறைக் குழாய்களைத் தோண்டத் தொடங்கும் வரையில், உலகத்தில் மனிதன் அணிந்த வைரங்கள் ஏறக்குறைய எல்லாமே இப்படி ஆற்றுச் சரளையில் அகப்பட்டவைதான். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேசில் நாட்டில் கிடைக்கும் வரை அவற்றில் மிகப் பெரும்பகுதி நம் நாட்டுடையது. கிருஷ்ணா நதிக்கரையில் கொல்லூரும் பரிடாலாவும் அதற்குப் பேர்போன இடங்கள். அந்தக் கிருஷ்ணா நமக்கு அந்நியமல்ல. 1996 முதல் பூண்டி ஏரிக்கு வந்து, சென்னைக் குழாய்களில் இறங்கும் தண்ணீர் அந்த ஆற்றுத் தண்ணீர்தான். கொல்லூர் சுரங்கங்களோ இன்று புலிச்சிந்தலை அணையின் நீர்த்தேக்கத்திற்குள் போய்விட்டன.

சரி, ஆறு வைரத்தை என்ன செய்கிறது? எடை பார்க்கிறது. சாதாரண மணல் தண்ணீரைப்போல் 2.65 மடங்கு கனம், வைரம் 3.52 மடங்கு கனம். ஆகவே ஓட்டம் தளரும் வளைவிலும், பாறைக் குழியிலும், சரளையின் அடியிலும் வைரம் தங்கிவிடுகிறது, மணல் மேலே போகிறது. அலை திரும்பிய பின் கடற்கரையில் கனமான கருமணல் தனிக் கோடாகப் படிந்து கிடப்பதை நம் ராயபுரம், எண்ணூர் மீனவத் தோழர்கள் பார்த்திருப்பார்கள். சட்டம் ஒன்றே.

பிறகு ஆறு உறுதியைப் பார்க்கிறது. கூட உருண்ட கற்கள் எல்லாம் தேய்ந்து கூழாங்கல்லாகும்போது, வைரம் மட்டும் இரண்டு கூர்ங்கோபுரங்களை அடியோடு அடி ஒட்டினாற்போன்ற தன் எட்டு முகத்தைப் பெரும்பாலும் இழப்பதில்லை. ஆனால் உள்ளே விரிசலுள்ள கல் மோதி மோதி உடைந்து தூளாகிவிடுகிறது. அதனால்தான் ஆற்றில் மிஞ்சும் வைரங்களில் நல்ல கற்களின் பங்கு சுரங்கக் கல்லைவிட அதிகமாயிருக்கிறது. ஆற்றில் எடுக்கும் பச்சைக் கல் கடையிலே பார்ப்பதுபோல் ஜொலிக்காது. தேய்த்த கண்ணாடிபோல் மேல்தோல் மங்கி, எண்ணெய் பூசினாற்போல் மினுமினுத்து, முகங்களில் சிறுசிறு முக்கோணக் குழிகளோடு இருக்கும். சிலவற்றில் பச்சைப் புள்ளி காணும். அது பக்கத்திலிருந்த கதிரியக்கத் தாதுக்கள் இட்ட தழும்பு. தண்ணீர் வைரத்தில் ஒட்டாது, கொழுப்பு ஒட்டும். ஆகவே நனைந்த சரளையைக் கொழுப்புத் தடவிய பலகைமேல் ஓடவிட்டால் மற்றவை வழுக்கிப்போக, வைரம் ஒட்டி நிற்கும்.

நிறத்தின் கதையும் இவ்வளவுதான்: கார்பனுக்குள் கொஞ்சம் நைட்ரஜன் புகுந்தால் மஞ்சள், போரான் புகுந்தால் நீலம். உள்கட்டு அழுத்தத்தில் நெளிந்திருந்தால் பழுப்பு அல்லது இளஞ்சிவப்பு. ஒன்றும் புகாவிட்டால் வெள்ளை. கோல்கொண்டா வைரத்தின் பெயர்பெற்ற தெளிவுக்கு நைட்ரஜன் ஏறக்குறைய இல்லாமையே காரணம். இதில் பிராமணன் எங்கே, சூத்திரன் எங்கே? 1797இல் ஸ்மித்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேயர், வைரத்தை எரித்தால் கரியை எரித்தது போலவே கரியமில வாயு வருகிறது, அளவும் ஒக்கிறது என்று காட்டிவிட்டார். எண்ணூர்த் துறைமுகத்தில் இறக்கும் நிலக்கரி வைரமாகப் போவதில்லை. வைரம் நிலக்கரியிலிருந்து வந்ததுமில்லை. ஆனால் அந்தக் கரித்தூளில் பெரும்பகுதியாய் இருப்பதும், சீமாட்டியின் காதில் மின்னுவதும் ஒரே கார்பன்தான். அடுக்கியிருக்கும் விதம் வேறு, அவ்வளவே.

இனி நம் பக்கத்துச் சரித்திரத்தைப் பாருங்கள். முத்தியாலுப்பேட்டைப் பவழக்காரத் தெருவுக்கு அப்பெயர் வந்தது, மத்தியதரைக் கடல் பவழத்தைக் கொண்டுவந்து வைரம் வாங்கிப்போன யூத வியாபாரிகளால். 1698 முதல் 1709 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கவர்னராயிருந்த தாமஸ் பிட், ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 410 காரட் கல் ஒன்றை 48,000 வராகனுக்கு வாங்கினார். அது சுமார் 140 காரட்டாகப் பட்டை தீட்டப்பட்டு, 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு விற்கப்பட்டது. இன்று பாரிசில் லூவர் காட்சிசாலையில் இருக்கிறது. பிட்டின் பேரர் இங்கிலாந்தின் முதல் மந்திரியானார். கல்லைத் தோண்டினவன் என்ன ஆனான்? அதற்குச் சில பத்தாண்டுகள் முன் வந்த தாவர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி, கொல்லூரில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஏறக்குறைய 60,000 பேர் உழைத்ததாக எழுதியிருக்கிறார். ராவோல்கொண்டா சுரங்கத்தில் தேர்ந்த தொழிலாளிக்கே வருஷத்துக்கு 3 வராகன்தான் கூலி என்றும் எழுதியிருக்கிறார். கணக்குப் போடுங்கள்: அந்தக் கூலியில் பிட் கொடுத்த விலையைச் சேர்க்க 16,000 வருஷம் உழைக்கவேண்டும்! கல்லுக்கு நாலு வருணம் எழுதத் தெரிந்த சாஸ்திரக்காரர்களுக்கு இந்தக் கணக்கு எழுதத் தோன்றியதா?

வேடிக்கை இன்னொன்று. நம் ஊரில் ஆசாரக் குடும்பங்களும் பெருமையோடு பேசும் "ப்ளூ ஜாகர்" வைரத்தோட்டின் பெயர் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. கடல் தாண்டினால் ஜாதி கெடும் என்றவர்கள், கறுப்புத் தொழிலாளி தோண்டிக் கடல் தாண்டி வந்த கல்லைக் காதில் போட்டுக்கொண்டார்கள். ஜாதி கெட்டதா?

இவையெல்லாம் பழங்கதை, இன்று யாருக்கு நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் நமக்குத்தான். மகளுக்குக் கல்யாணம் தட்டினாலும், மகனுக்கு வேலை போனாலும், "சுக்கிரன் சரியில்லை, வைரம் போடு" என்று சொல்லச் சோதிடன் இருக்கிறான். துறைமுகக் கூலியும் ஆலைத் தொழிலாளியும் வட்டிக்கு வாங்கி மோதிரம் செய்கிறார்கள். கிடைப்பது பல சமயம் "அமெரிக்கன் டைமண்ட்" என்னும் செயற்கைச் சிர்கோனியா. அது கண்ணாடியைக் கீறும். ஆகவே கண்ணாடியைக் கீறிக் காட்டினால் நம்பாதீர்கள். வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது, எடையில் அகப்பட்டுவிடும். சுத்தியால் அடித்தால் உடையாதது வைரம் என்பது பெரிய புளுகு. வைரத்தைக் கீறமுடியாதே தவிர, அடித்தால் அதன் பிளவு வாட்டத்தில் பிளந்துபோகும். நல்ல கல்லையே நாசம் செய்த சோதனை அது.

போகட்டும், அசல் வைரமே வாங்கினாலும் சுக்கிரன் என்ன செய்யும்? 1954இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார் வைரத்தை யந்திரத்தில் செய்துவிட்டார்கள். இன்று சூரத்தில் அத்தகைய வைரம் ஏராளமாகச் செய்யப்படுகிறது. அதே கார்பன், அதே கடினம், அதே ஒளி. தோழர்களே, அடுத்த முறை கல் போடச் சொல்லும் சோதிடரிடம் இதைக் கேளுங்கள்: ஆற்றில் எடுத்ததற்குப் பலன் தரும் சுக்கிரன் ஆலையில் செய்ததற்கும் தருமா? தரும் என்றால் விலை குறைந்ததையே போடலாம். தராது என்றால், கருவி வைத்துப் பார்க்கும் நிபுணனுக்கே சிரமமான வித்தியாசம் கோடிக்கணக்கான மைலுக்கு அப்பாலுள்ள கிரகத்துக்கு எப்படித் தெரிந்தது? பதில் வரும் வரையில் மோதிரப் பணம் உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு இருக்கட்டும்.