பயிர் ஒருவனுக்கு, பட்டா ஒருவருக்கு!



தஞ்சைத் தரணியிலே வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு நிலம் உழும் உழவனை அறிவீர்கள். நாற்று விடுபவன் அவன். கடன்பட்டு உரமிடுபவன் அவன். கதிர் வெள்ளத்தில் மூழ்கினால் கலங்கி நிற்பவனும் அவனே. ஆனால், ஏட்டிலே அவன் பெயர் இல்லை!

சட்டமா இல்லை? 1955இல் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956இல் வந்த நியாய வாரச் சட்டம், நன்செய் விளைவில் நிலக்காரர் பங்கு 40 சதவிகிதம் என வரம்பு கட்டிற்று. பின்னர் அது 25 ஆகக் குறைந்தது. குத்தகையாளர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற 1969இல் தனிச் சட்டமே பிறந்தது. இருந்தும் என்ன? பதியக் கேட்டால், "அடுத்த போகத்துக்கு வேறு நிலம் பார்" என்கிறார் நிலக்காரர். அந்த அச்சமே சட்டத்தைப் பூட்டி வைத்திருக்கிறது.

2019இல் மத்திய அரசு தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய். அதுவும் நிலம் யார் பெயரில் உள்ளதோ அக்குடும்பத்துக்கு! வரப்பு மிதியாதவரும் அங்கே உழவராகலாம். சேற்றில் நிற்பவன் யாரோ! (டில்லி ஏட்டின் இலக்கணம் அப்படி.)

தனியே மனுக் கொடுப்பவனை வெளியேற்றுவது எளிது. ஆகவே, குறுவைக்கு முன்பே ஊர்தோறும் குத்தகையாளரைத் திரட்டுங்கள். ஒரே நாளில், ஒன்றாக, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.