பத்து நல்ல மவுஸ்

தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் 20 வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். என் மேசைக்கடியில் ஓர் அட்டைப்பெட்டி கிடக்கிறது. அதில் 11 மவுஸ். எல்லாம் ஒரே அலுவலகத்தில் புதுசு மாட்டிவிட்டு, "பழசை நீங்களே எடுத்துட்டுப் போங்கண்ணே" என்று கொடுத்தவை. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன்; நாளைக்கும் அந்தப் படி ஏற வேண்டியவன். பதினொன்றையும் கடையில் மாட்டிப் பார்த்தேன். ஒன்றுக்குக் கழுத்தில் ஒயர் முறிந்திருக்கிறது. மற்ற 10 நல்ல மவுஸ்.

இதை எழுத வைத்தது ஜூன் மாதத்து ஒரு திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நேரம், அந்த அலுவலகத்தில் வாசல் வரை வரிசை. சமயநல்லூரிலிருந்து பேரனைக் கூட்டிக்கொண்டு வருமானச் சான்றுக்கு வந்த ஒரு பாட்டியின் முறை. அந்த நேரம் பார்த்து மவுஸ் நின்றுவிட்டது. உள்ளே இருந்த தங்கச்சி அதைத் தூக்கி மேசையில் நாலு தட்டுத் தட்டினார். பிரிண்ட் பொத்தானை நாலு தடவை அமுக்கினார். பிறகு வழக்கமான பதில்: "சர்வர் இல்லம்மா, நாளைக்கு வாங்க." பாட்டி படி இறங்குவதற்குள் பிரிண்டர் தானாக ஓட ஆரம்பித்தது. ஒரே தாள், நாலு பிரதி.

சர்வர் நன்றாகத்தான் இருந்தது. மவுஸும் நன்றாகத்தான் இருந்தது. சாதாரண யூஎஸ்பி மவுஸிடம் கம்ப்யூட்டர் நொடிக்கு 125 தடவை "என்ன சேதி" என்று கேட்கும். அதுவும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அமுக்கிய நாலு அமுக்கலும் உள்ளே போய் வரிசையில் நிற்கின்றன. எடுத்துப் பார்க்கத்தான் கம்ப்யூட்டருக்கு நேரமில்லை. நேரம் கிடைத்ததும் நாலையும் சேர்த்துச் செய்துவிடுகிறது.

ஏன் நேரமில்லை என்று உட்கார்ந்து பார்த்தேன். ராம் 4 ஜிபி. பிரவுசரில் 9 பக்கம் திறந்திருக்கிறது. ஆன்டிவைரஸ் சரியாகக் காலை 11 மணிக்குத்தான் முழு டிஸ்கையும் துழாவும். யாரோ என்றைக்கோ அப்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஸ்கேனர் 600 டிபிஐ கலரில் இருக்கிறது. அந்த அளவில் ஒரு ஏ4 தாள் ராமுக்குள் விரிந்தால் கிட்டத்தட்ட 100 எம்பி. ரேஷன் கார்டு, ஆதார், சம்பளச் சீட்டு என்று மூன்று தாள் விரித்தாயிற்று. படித்துப் பார்க்க 200 டிபிஐ போதும். எடை ஒன்பதில் ஒரு பங்காகிவிடும்.

ராம் நிரம்பினால் கம்ப்யூட்டர் அதில் ஒரு பகுதியை ஹார்டு டிஸ்கில் கொண்டுபோய் வைக்கும். அரிசிப் பானைக்கு அடுக்களையில் இடமில்லாமல் மச்சில் போட்டுவைத்து, ஒவ்வொரு ஆழாக்குக்கும் ஏணி ஏறி இறங்குவது மாதிரி. அதே டிஸ்கை ஆன்டிவைரஸும் துழாவிக்கொண்டிருந்தால் சோறு எப்போது வேகும்? சிபியூ பெட்டியின் முகப்பில் டிஸ்குக்கான சின்ன விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை.

ஆவணியில் இங்கே புட்டுத்தோப்பில் புட்டுத் திருவிழா நடக்கும். மண் சுமக்க வந்த ஆள் கரையில் படுத்துவிட்டான் என்று பாண்டியன் பிரம்பால் அடிக்க, அடி எல்லார் முதுகிலும் விழுந்த கதை தங்களுக்குத் தெரியும். மவுஸை மேசையில் தட்டுகிற சத்தம் கேட்டால் எனக்கு அந்த நினைப்புத்தான் வரும். இங்கே வலிப்பது வரிசையில் நிற்கிற சனத்துக்கு.

அன்று அந்தத் தங்கச்சிக்கு நான் சொல்லிக் கொடுத்தது கொஞ்சம்தான். மவுஸ் நின்றால் முதலில் கேப்ஸ் லாக்கை அமுக்கு. விளக்கு மாறினால் கம்ப்யூட்டருக்கு உயிர் இருக்கிறது, சுவிட்சை அணைக்காதே. அம்பு நகர்ந்து அமுக்கல் மட்டும் விழாவிட்டால் அந்த ஒரு புரோகிராம்தான் மாட்டியிருக்கிறது. அம்பே நின்றால் மொத்தமும் திணறுகிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கு. டாஸ்க் மேனேஜர் வரும், வர நேரம் பிடிக்கும், காத்திரு. எது அதிகம் தின்கிறது என்று பார்த்து, சேமிக்காத வேலை அதில் இல்லையென்றால் அதை மூடு. எல்லாவற்றுக்கும் மேலே, திரும்பத் திரும்ப அமுக்காதே.

மவுஸின் குற்றமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் மீனாட்சி படத்தை வைத்து, அந்தக் கண்ணாடி மேலேயே மவுஸை ஓட்டுகிறார்கள். வெளிச்சத்தால் தடம் பார்க்கிற மவுஸ் கண்ணாடியில் தடுமாறும். ஒரு ஃபைல் அட்டை போட்டால் தீர்ந்தது. ஆனால் அது காலையில் கம்ப்யூட்டர் போட்டதிலிருந்தே தடுமாறும். வேலை கூடக் கூட நிற்பது வேறு வியாதி.

2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் இன்றும் என் கடைக்கு வருகின்றன. சுழலும் டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, ராமைக் கூட்டிக் கொடுத்தால் எழுத்து வேலைக்குத் தாராளமாக ஓடுகின்றன. அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கும் அதுவே மருந்து. ஆனால் அங்கே மவுஸ் வாங்கச் சில்லறைச் செலவில் கை வைக்கலாம். ராம் வாங்க மேலே எழுதிப் போட்டு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதனால்தான் மவுஸாக வாங்கித் தள்ளுகிறார்கள். ராம் வாங்குகிற அதிகாரத்தைக் கீழே கொடுங்கள். ஆன்டிவைரஸை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றச் சொல்லி ஒரு சுற்றறிக்கை விடுங்கள்.

இன்னொன்று தங்கள் துறையின் கையிலேயே இருக்கிறது. இணையப் பக்கங்களில் பணம் கட்டுகிற பொத்தானும் விண்ணப்பம் அனுப்புகிற பொத்தானும் ஒரு தடவை அமுக்கியதும் மங்கிப் போகட்டும். அதே விண்ணப்பம் இரண்டாம் தடவை வந்தால் சர்வர் வாங்காமல் இருக்கட்டும். அன்றைக்கு நாலு தாளோடு போயிற்று.

பெட்டி கடையில்தான் இருக்கிறது. தங்கள் துறையில் யாராவது மதுரைப் பக்கம் வந்தால் மாட்டிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஆரப்பாளையத்துக் கம்ப்யூட்டர் மெக்கானிக்